சிறுமி கேட்ட கேள்வி



புதியன கண்டவர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது ஓர் அப்பிள் பழமும் ஒரு குளியல் தொட்டியும்தான். பழம் விழுந்தது, நியூட்டனுக்கு ஞானம் பிறந்தது. நீர் வழிந்தது, ஆர்க்கிமிடீஸ் தெருவில் ஓடினார். கேட்கச் சுவையான கதைகள்தாம். ஆனால் பழம் எல்லார் தோட்டத்திலுமே விழுகிறது. விழுவதற்கு முன் அந்த மனம் எத்தனை ஆண்டுகள் எதை எண்ணிக்கொண்டிருந்தது என்பது பற்றி இக்கதைகள் வாய் திறப்பதில்லை.

இன்று நாம் பார்க்கப்போகும் வரலாறும் அப்படியொரு கதையில்தான் தொடங்குகிறது. 1943ஆம் ஆண்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் சாந்தா பே என்னும் ஊர். விடுமுறைக்கு வந்திருந்த ஒருவர் தம் மூன்று வயது மகளைப் படம் பிடிக்கிறார். எடுத்த படத்தை இப்போதே ஏன் பார்க்க முடியாது என்று பிள்ளை கேட்கிறாள். தந்தையிடம் பதில் இல்லை. தனியே உலாவப் போகிறார். ஒரு மணித்தியாலத்துக்குள் கமெரா, பிலிம், அதற்கு வேண்டிய இரசாயனம் யாவும் தமக்குத் துலங்கிவிட்டன என்று பின்னாளில் அவரே சொன்னார்.

அவர் பெயர் எட்வின் லாண்ட். போலரொயிட் கம்பனியின் ஸ்தாபகர்.

ஒரு மணித்தியாலத்தில் துலங்கியது என்பதை உண்மையென்றே கொள்வோம். ஆனால் அந்த மணித்தியாலத்துக்குப் பின்னே பதினேழு ஆண்டுகள் நின்றன. 1926இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த லாண்ட், சில மாதங்களிலேயே படிப்பை விட்டுவிட்டு நியூயோர்க்குக்குப் போனார். அங்கே பகலில் பொது நூலகம். இரவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடம். அனுமதி பெற்றல்ல, களவாக நுழைந்துதான்!

அவரைப் பிடித்தாட்டிய விடயம் ஒளியின் முனைவாக்கம். ஒளியலை எல்லாத் திசைகளிலும் அதிர்கிறது. நெருங்கி நட்ட கதியால்களுக்கிடையே ஒரு கயிற்றை நீட்டி உதறிப் பாருங்கள். மேலும் கீழுமாக உதறினால் அலை மறுபக்கம் போகும், பக்கவாட்டில் உதறினால் கதியாலில் மோதி நின்றுவிடும். ஒளிக்கு அவ்விதம் வேலியாக நிற்கக்கூடிய பளிங்குகள் சில உண்டு. 1852இல் இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகர வைத்தியர் ஹெரபாத் என்பவரின் மாணாக்கர், குவினைன் ஊட்டப்பட்ட ஒரு நாயின் சிறுநீரில் அயடீனை இட்டபோது பச்சைநிறப் பளிங்குகள் சில தோன்றின. இரண்டு பளிங்குகள் குறுக்கே கிடந்த இடம் இருண்டிருந்தது. நாயின் சிறுநீரில் அயடீனை விட்டுப் பார்க்க ஒருவருக்குத் தோன்றியதே, அதுவும் ஒரு வகை ஆர்வம்தான்!

அந்தப் பளிங்குகள் மிக நுண்ணியவை, தொட்டால் நொருங்குபவை. ஒரேயொரு பெரிய பளிங்கை வளர்த்தெடுக்கவே பலரும் முயன்றார்கள். லாண்ட் பிரச்சினையைத் தலைகீழாகப் புரட்டினார். பெரிதாக்குவானேன்? கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அரைத்துச் சிறிதாக்கி, கோடிக்கணக்கான ஊசிகளை ஒரே திசையில் நிறுத்தி, மெல்லிய தாளாகப் பரப்பினால் என்ன? 1929இல் இதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தபோது அவருக்கு இருபது வயதளவில்தான் இருக்கும்.

எதிரே வரும் மோட்டார் வண்டியின் விளக்கு சாரதியின் கண்ணைக் கூசச்செய்யாதபடி தடுப்பதே அவரது நோக்கம். மோட்டார்க் கம்பனிகள் அதைக் கடைசிவரை ஏற்கவில்லை. 1937இல் அவர் நிறுவிய போலரொயிட் கம்பனி, வெயில் கண்ணாடியும் கமெரா வடிகட்டியும் விற்றுப் பிழைத்தது. சாந்தா பேயில் மகள் வினவியபோது, ஒளி, நுண்பளிங்கு, மெல்லிய படலம், இரசாயனம் எல்லாம் ஏற்கெனவே அவர் கையில் இருந்தன. கேள்வி விழுந்தது பண்பட்ட நிலத்தில்.

1947 பெப்ரவரி 21ஆம் திகதி நியூயோர்க்கில் ஒளியியல் அறிஞர்கள் கூடிய சபையில் லாண்ட் தம்மையே படமெடுத்து, ஒரு நிமிடமளவில் தாளை உரித்துக் காட்டினார். பிலிமோடு ஒட்டிய ஒரு சிறு பையில் களி போன்ற இரசாயனம் இருக்கும். இரு உருளைகளுக்கிடையே தாளை இழுக்கும்போது பை உடைந்து இரசாயனம் சீராகப் பரவும். ஒளி படாத இடங்களிலுள்ள வெள்ளி உப்பு கரைந்து மறுதாளுக்குச் சென்று படமாகும். இருட்டறை முழுவதும் ஒரு தாளுக்குள் அடங்கிவிட்டது. 1948 நவம்பர் 26ஆம் திகதி பொஸ்டன் நகரக் கடையொன்றில் 89 டொலர் 75 சதத்துக்கு விற்பனைக்கு வைத்த கமெராக்கள் அன்றே தீர்ந்துபோயின. ஸ்டூடியோக்காரர் தந்த துண்டை வைத்துக்கொண்டு நாட்கணக்கில் காத்திருந்த நம்மில் மூத்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

ஆட்களைத் தேர்வதிலும் அவருக்கு ஒரு தனிப் போக்கு இருந்தது. கலை வரலாறு படித்த மெறோ மோர்ஸ் என்னும் பெண்மணியை ஆய்வுகூடத்துக்கு எடுத்தார். கறுப்பு வெள்ளைப் பிலிம் ஆராய்ச்சிக்கு அவரே பின்னர் தலைமை தாங்கினார். பட்டத்தைப் பாராது ஆளின் மனத்தைப் பார்த்த அந்தத் துணிவு அக்காலத்தில் அரிது.

ஆயினும் லாண்டின் ஆர்வத்தை அளக்க என்னைக் கேட்டால் கமெராவைவிட நிறம் பற்றிய ஆய்வையே காட்டுவேன். அது உளவியலின் எல்லைக்குள் போன ஆய்வு. ஒரே காட்சியைச் சிவப்பு வடிகட்டியாலும் பச்சை வடிகட்டியாலும் இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்தார். முதலாவதைச் சிவப்பொளியிலும் இரண்டாவதை வெறும் வெள்ளொளியிலும் ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்த்தினார். இளஞ்சிவப்புச் சாயைகள்தான் தெரியவேண்டும். திரையிலோ பச்சை, மஞ்சள், மண்ணிறம் எல்லாம் தோன்றின! நிறம் ஒளியில் மட்டும் இல்லை, சுற்றியிருப்பவற்றோடு ஒப்பிட்டு அதைத் தீர்ப்பது கண்ணும் மூளையும் சேர்ந்த ஓர் ஏற்பாடு என்று 1959இல் எழுதினார். பௌதிகவியலாளர் சிலரும் உளவியலாளர் சிலரும் இது பழைய செய்தியென்று முகம் சுளித்தனர். அவர் விடவில்லை.

இத்தனை கேள்வி கேட்டவருக்கு ஒரு கேள்வி மட்டும் பிறரிடமிருந்து வரவேண்டியிருந்தது. 1970இல் போலரொயிட்டின் கறுப்பின ஊழியர் இருவர், ஒருவர் இரசாயனவியலாளர், மற்றவர் புகைப்படக்காரர், தங்கள் கம்பனியின் அடையாள அட்டைக் கமெரா தென்னாபிரிக்காவில் பயன்படுவதைக் கண்டுகொண்டனர். கறுப்பின மக்களை மறித்துச் சோதிக்கும் கடவு அட்டைக்கான படம் ஒரு நிமிடத்தில் தயார். நாங்கள் யாருக்காக இதைச் செய்கிறோம் என்று அவர்கள் கேட்டார்கள். கம்பனி விசாரணைக் குழு அனுப்பியது, சில நிபந்தனைகள் விதித்தது. அந்த இரசாயனவியலாளரை வேலையைவிட்டும் நீக்கியது. அங்குள்ள விநியோகஸ்தர் அரசாங்கத்துக்கு மறைவாக விற்றுவந்தது அம்பலமான பிறகே 1977இல் அந்நாட்டை விட்டு வெளியேறியது. படம் எப்படி உடனே வரும் என்பதற்கு ஒரு மணித்தியாலத்தில் விடை கண்ட நிறுவனத்துக்கு, அது எவர் கையில் போய்ச் சேரும் என்பதற்கு விடை காண ஏழு ஆண்டுகள் சென்றன.

அதே 1977இல் லாண்ட் போலாவிஷன் என்னும் உடனடிச் சினிமாவை வெளியிட்டார். இரண்டரை நிமிடம் ஓடும், ஒலி கிடையாது, ஒருமுறை பதிந்ததை அழித்து மீண்டும் பதிய முடியாது. வீடியோ நாடா அதற்குள் சந்தைக்கு வந்துவிட்டது. மக்களுக்கு என்ன வேண்டும் என்று சந்தையில் விசாரிப்பதில் லாண்டுக்கு எந்நாளும் நம்பிக்கை இருந்ததில்லை. உடனடிக் கமெராவைப் பெற்றுத் தந்தது அந்தப் பிடிவாதம்தான், போலாவிஷனில் பெருநட்டத்தைக் கொண்டுவந்ததும் அதுவேதான். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ள அவரால் முடிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

1982இல் கம்பனியோடு இருந்த தொடர்பை அவர் முடித்துக்கொண்டார். மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் தாம் அமைத்த றோலண்ட் விஞ்ஞான நிறுவனத்தில், நிறத்தைக் கண் எவ்வாறு காண்கிறது என்ற பழைய கேள்வியையே மறுபடி எடுத்து உட்கார்ந்தார். 1991 மார்ச் 1ஆம் திகதி காலமானபோது அவர் பெயரில் 535 காப்புரிமைகள் இருந்தன. டிஜிற்றல் கமெராக்கள் பெருகிவந்த 2001இல் போலரொயிட் கம்பனி வங்குரோத்து நிலைக்கு வந்தது. அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை.