வட சென்னைக் கானாவும் சிறு இசை நிறுவனங்களும்

கானா என்பது வண்ணாரப்பேட்டை, இராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி முதலிய வட சென்னைப் பகுதிகளில் உழைக்கும் மக்களிடையே வளர்ந்த பாட்டு வகை. சாவு வீட்டில் பாடப்படும் மரண கானா இதன் முக்கியப் பிரிவு. பாடுபவரே பெரும்பாலும் சொற்களைக் கட்டுவார். மெட்டு வாய்வழியாக வந்ததாகவும் இருக்கும். இப்பாட்டு கேசட்டுக்கும் பின்னர் இணையத்துக்கும் சென்றபோது, லேபிள் எனப்படும் சிறு இசை நிறுவனங்களின் பணி எப்படி மாறியது, பாடியவருக்கு என்ன கிடைத்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இசைத்தட்டுக் காலம்

இந்தியாவில் வணிக நோக்கிலான இசைத்தட்டுப் பதிவு 1902இல் கொல்கத்தாவில் தொடங்கியது. தட்டு அச்சிட ஆலையும் பெரும் முதலும் தேவைப்பட்டன. சென்னையில் ஏ.வி. மெய்யப்பன் பங்குதாரராக இருந்த சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஓடியன் இசைத்தட்டுகளை வெளியிட்டது. விற்பனை உறுதியான கச்சேரி இசையும் நாடகப் பாடல்களுமே அக்காலத்தில் முன்னுரிமை பெற்றன.

கேசட் காலம்

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட், 1980களில் இந்தியாவெங்கும் பரவியது. ஒரு சிறிய அறையும் நகலெடுக்கும் கருவியும் இருந்தால் நிறுவனம் தொடங்கலாம் என்ற நிலை வந்தது. கானா பாடகர்களின் குரல் கேசட்டில் ஏறியது இவ்வாறுதான். ஆனால் ஒப்பந்தம் பெரும்பாலும் வாய்ப்பேச்சாகவே இருந்தது. பாடகர் ஒருமுறை பணம் பெற்றுக்கொள்வார். பிறகு எத்தனை கேசட் விற்றாலும் கணக்குக் கேட்க வழியில்லை. திரைப்படமே பெரிய மேடையாயிற்று. கானா உலகநாதன் ‘சித்திரம் பேசுதடி’ (2006) மூலமும், கானா பாலா ‘அட்டகத்தி’ (2012) மூலமும் தமிழகமெங்கும் அறியப்பட்டனர்.

இணையக் காலம்

2016இல் ஜியோ வந்தபின் இணையக் கட்டணம் பெரிதும் குறைந்தது. 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது. யூடியூபில் எவரும் நேரடியாகப் பாட்டை ஏற்றலாம். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு இணைய விநியோக நிறுவனம் ஒன்றின் வழியாகவே செல்ல வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் 12 எழுத்து, எண்கள் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. குறியீடு உண்டு.

இத்தளங்கள் பொதுவாக ஒரு கேட்புக்கு இவ்வளவு என்று நிலையான விலை தருவதில்லை. மொத்த வருவாயின் ஒரு பகுதியைக் கேட்பு விகிதப்படி பிரிக்கின்றன. எடுத்துக்காட்டாக, ஒரு மாதத்தில் 100 கோடிக் கேட்புகளுக்குப் பங்குத்தொகை 10 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10,000 முறை கேட்கப்பட்ட கானாவுக்கு 1,000 ரூபாய் வரும். அதை விநியோகஸ்தர், நிறுவனம், பாடகர், வாத்தியக்காரர் எல்லாரும் பிரித்துக்கொள்ள வேண்டும். மேலும், ஓராண்டில் 1,000 கேட்புகளை எட்டாத பதிவுக்கு ஸ்பாட்டிஃபை 2024 முதல் பங்கு தருவதில்லை. ஆகவே சிறு நிறுவனங்கள் மேடை நிகழ்ச்சிகளையும் நம்பியிருக்கின்றன.

ஒரு கூட்டு முயற்சி

இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் இணைந்து 2017இல் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவை உருவாக்கின. அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதிபேதமற்ற’ என்ற சொல்லாட்சி பெயருக்கு அடிப்படை. 2018 சனவரி 6 அன்று சென்னையில் முதல் நிகழ்ச்சி நடந்தது. கானா, ராப், ராக் ஆகியவை ஒரே மேடையில் ஒலித்தன. ஆண்களே மிகுதியாகப் பாடிவந்த கானாவில், இராயபுரத்தைச் சேர்ந்த இசைவாணி இக்குழுவின் வழியாகப் புகழ்பெற்றார், 2020இல் பி.பி.சி.யின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

புகழும் கணக்கும்

புகழ் வந்தால் வருவாயும் தானாக வரும் என்று சொல்ல முடியாது. அதே குழுவில் பாடிய அறிவு, பாடகி தீயுடன் இணைந்து வழங்கிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ 2021 மார்ச்சில் மாஜா நிறுவனத்தின் வழியாக வெளியானது. யூடியூபில் 40 கோடிக்கும் மேற்பட்ட பார்வைகளைப் பெற்றது. ஆயினும் அப்பாடலின் வருவாய் தம்மை வந்தடையவில்லை என்று சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் வெளிப்படையாகக் கூறினார். மாஜா தரப்பும் தன் விளக்கத்தை வெளியிட்டது.

சட்டம் தரும் பாதுகாப்பு

ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு: ஒலிப்பதிவின் உரிமை ஒன்று, சொல்லுக்கும் மெட்டுக்குமான உரிமை மற்றொன்று. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும். காலம் குறிக்கப்படாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தமக்குரிய ராயல்டிப் பங்கை எழுதிக்கொடுத்தாலும் இழக்கமாட்டார்கள். 1969இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பு தன் உறுப்பினர்களுக்காக இந்த ராயல்டியை வசூலிக்கிறது.

மரபு மெட்டு எவருக்கும் தனிச்சொத்து அன்று. அதை முதலில் பதிந்தவர், பிறர் பாடும்போது தமதென்று உரிமை கோர முடியாது. ஆனால் புதிதாகக் கட்டிய சொற்கள் கட்டியவருக்கே உரியவை. அவர் பெயர் பதிவில் இல்லையென்றால் பணம் அவரைத் தேடி வராது.

தட்டு அச்சிடுவதும் கேசட் நகலெடுப்பதும் இன்று தேவையில்லை. இன்றைய சிறு நிறுவனத்தின் முதற்பணி பெயர்களைச் சரியாகப் பதிவதும், பங்குகளை முன்கூட்டியே எழுதிக்கொள்வதும், கணக்கைக் காட்டுவதுமே. முந்தைய தலைமுறைக் கானா பாடகர் பலர் பெறாமல் போனதும் இவற்றையே.