ஜாரின் பெரும்படையும் விதினில் கிடைத்த தஞ்சமும்

1849 ஏப்ரலில் ஹங்கேரியர், ஆஸ்திரிய அரச குடும்பத்தின் ஆட்சி தம் நாட்டில் முடிந்துவிட்டதென அறிவித்தனர். புரட்சியை அடக்க இயலாத பதினெட்டு வயதுப் பேரரசர் பிரான்சிஸ் ஜோசப், அண்டைநாட்டு மன்னரான ரஷ்ய ஜார் முதலாம் நிக்கோலசிடம் படையுதவி வேண்டினார். ஹங்கேரியப் படையில் போலந்து வீரர் பலர் இருந்தமையால், தம் ஆளுகைக்குட்பட்ட போலந்திலும் தீ பரவுமென ஜார் அஞ்சினார்.

தலைமை ஏற்றவர் பாஸ்கேவிச். பாரசீகரிடமிருந்து எரிவானையும், உஸ்மானியரிடமிருந்து கார்ஸையும் எர்சுரூமையும் கைப்பற்றியவர். 1831இல் வார்சாவை வீழ்த்தியவர். முஸ்லிம் நாடுகள் நன்கறிந்த பெயர் அது.

ரஷ்யப் படையின் பேரலகு ‘கோர்’ எனப்பட்டது. மூன்று காலாட்படை டிவிஷன்கள், ஒரு குதிரைப்படை டிவிஷன், ஒரு பீரங்கி டிவிஷன் சேர்ந்தது ஒரு கோர். இத்தகைய 2, 3, 4ஆம் கோர்கள் ஜூனில் வடக்கேயிருந்து கார்பாத்திய மலைகளைக் கடந்தன. லூடர்ஸ் தலைமையில் 5ஆம் கோர், தெற்கே வலாக்கியாவிலிருந்து டிரான்சில்வேனியாவுக்குள் நுழைந்தது. வலாக்கியாவோ சுல்தானின் மேலாட்சிக்கு உட்பட்ட நிலம்! பன்யூதினின் டிவிஷன் மட்டும் முன்னதாகவே ரயிலில் அனுப்பப்பட்டு, ஆஸ்திரியத் தளபதியின் கீழ்ப் போரிட்டது. மொத்தம் ஏறத்தாழ 2 லட்சம் வீரர்.

எண்ணிக்கைக்கு ஏற்ற வேகம் இல்லை. உணவுக் கிடங்குகள் நிரம்பாமல் பாஸ்கேவிச் நகரமாட்டார். ஆஸ்திரியர் வாக்களித்த தானியமும் வண்டிகளும் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. ஹங்கேரியத் தளபதி கோர்கெய், ஜூலையில் வாட்ஸ் நகரருகே ரஷ்யரின் பிடியிலிருந்து நழுவியே போனார். அணிவகுப்பில் ஒழுங்கு காட்டிய அப்படையால் காலராவைத் தடுக்க இயலவில்லை. சண்டையில் மடிந்த ரஷ்யர் ஆயிரத்துக்கும் குறைவு. நோயில் மடிந்தவரோ பத்தாயிரத்துக்கும் மேல்.

ஆகஸ்ட் 13 அன்று விலாகோஷில் கோர்கெய் சரணடைந்தார். ஆஸ்திரியரிடம் அல்ல, ரஷ்ய 3ஆம் கோரின் தளபதி ரூடிகரிடம். எனினும் சரணடைந்தோர் ஆஸ்திரியரிடமே ஒப்படைக்கப்பட்டனர். அக்டோபர் 6 அன்று அராத் நகரில் பதின்மூன்று தளபதிகளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

புரட்சித் தலைவர் கொஷூத்தும், போலந்துத் தளபதி பெம்மும், ஆயிரக்கணக்கானோரும் டான்யூப் கரையிலிருந்த உஸ்மானியக் கோட்டையான விதினில் தஞ்சம் புகுந்தனர். போலந்தியரை ஜாரும், ஹங்கேரியரை ஆஸ்திரியாவும் கேட்டனர். ஜார் சுட்டியது 1774ஆம் ஆண்டின் குச்சுக் கைனார்ஜா உடன்படிக்கை. அதன்படி குற்றவாளிகளை ஒப்படைக்கலாம், அல்லது வெளியேற்றலாம். இஸ்லாத்தைத் தழுவியவருக்கு விலக்கு உண்டு. பெம் உள்ளிட்ட சிலர் கலிமாச் சொன்னதற்கு இவ்விதி ஒரு காரணமாகலாம்; உள்ளத்தை அறிபவன் அல்லாஹ். கொஷூத் மதம் மாறவில்லை. அவரையும் சுல்தான் அப்துல் மஜீத் ஒப்படைக்கவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. செப்டம்பரில் இரு பேரரசுகளும் தூதரக உறவைத் துண்டித்தன. சுல்தான் ஃபுஆத் எஃபெந்தியை ஜாரிடம் தூதனுப்பினார். பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கடற்படைகள் ஆதரவாக நகர்ந்தன. ஜார் இறங்கி வந்தார்.

குத்தாஹியாவில் வைக்கப்பட்டிருந்த கொஷூத், 1851இல் அமெரிக்கக் கப்பலில் புறப்பட்டார். முராத் பாஷாவாகிவிட்ட பெம், 1850 டிசம்பரில் அலெப்போவில் காலமானார். 1929இல் அவருடல் பிறந்த ஊரான போலந்தின் தர்னோவுக்குக் கொண்டுவரப்பட்டு, குளத்து நடுவே தூண்கள் தாங்கும் கல்லறைப் பேழையில் வைக்கப்பட்டது.