கப்பலேறும் முன்னே: நம் பெரியவர்களின் பயண ஆயத்தமும் பயணப் பத்திரங்களும்

கடல் கடந்து சென்று தொழில் செய்வது நம் சமூகத்துக்குப் புதிதன்று. நாகூர், காரைக்கால், கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், கீழக்கரை, காயல்பட்டினம், தென்காசி, கடையநல்லூர் என்று எந்த ஊரைச் சொன்னாலும் அங்கே 'சபர்' போனவர் இல்லாத தெரு இருக்காது. நாகூர்ப் பக்கத்தில் அவர்களைச் 'சபுராளி' என்பார்கள். அவர்கள் இங்கே செய்த வாணிபத்தைப் பற்றியும் கட்டிய பள்ளிவாசல்களைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டுவிட்டது. நாங்கள் எழுத வந்தது அதற்கு முந்திய கட்டத்தைப் பற்றி. சிங்கப்பூரில் இருந்த ஒருவர் சில மாதம் ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டுமென்றால், கப்பலேறும் முன்னே என்னென்ன செய்ய வேண்டியிருந்தது?

நாங்கள் கப்பலில் வந்திராத தலைமுறை. பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு வாப்பாவின் கடையில் உட்கார்ந்து, இன்று முப்பதுகளில் இருப்பவர்கள். சரக்கு வரவழைக்கத் தினமும் படிவம் நிரப்புகிறோம். 1989-இல் டிரேட்நெட் வந்த பிறகு அனுமதி கிடைக்கச் சில நிமிடங்களே ஆகின்றன. கடை மாடியைச் சுத்தம் செய்தபோது பாட்டனாரின் பிஸ்கட் டின் ஒன்று கிடைத்தது. உள்ளே பழைய பாஸ்போர்ட், தடுப்பூசிப் புத்தகம், மறுநுழைவு அனுமதி, ஒரு கணக்கு நோட்டு. சரக்குக்குப் பத்திரம் தயார் செய்யும் எங்களுக்கு, ஒரு மனிதர் தமக்காகத் தயார் செய்த பத்திரங்களைப் பார்த்ததும் அவற்றின் கதையைத் தெரிந்துகொள்ள ஆசை வந்தது. வாப்பாவிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டு எழுதியதே இக்கட்டுரை.

காற்றைப் பார்த்துக் கிளம்பிய காலம்

பாய்மரக் காலத்தில் பாஸ்போர்ட் கிடையாது. அனுமதி தர வேண்டியது காற்றுதான். வங்காள விரிகுடாவில் போவதற்கு ஒரு பருவக்காற்று, திரும்புவதற்கு ஒரு பருவக்காற்று. அதைத் தவறவிட்டால் அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டும். சோழமண்டலக் கரையிலிருந்து துணிமணிகளோடு பினாங்குக்கும் பிறகு சிங்கப்பூருக்கும் வந்த நம்மவரைச் 'சூலியா' என்று அழைத்தார்கள். பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801-இல் எழுந்தது. சிங்கப்பூரில் ஜாமியா சூலியா பள்ளி 1826-இல் தொடங்கப்பட்டது. தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டப்பட்டது.

அந்த நாளில் தெலுக் ஆயர் தெரு கடற்கரையை ஒட்டியிருந்தது. கடலைத் தூர்த்து நிலமாக்கியது பிறகுதான். ஊரில் நாகூரில் பாத்திஹா ஓதிவிட்டுக் கப்பலேறியவர், இங்கே கரையிறங்கிச் சிறிது நடந்தாலே நாகூர் பெயரைக் கேட்டிருப்பார். எதற்காக அந்த இடத்தில் கட்டினார்கள் என்று நாங்கள் சிறு வயதில் யோசித்ததில்லை. இப்போது புரிகிறது.

நீராவிக் கப்பலும் பத்திரங்களும்

நீராவிக் கப்பல் வந்ததும் காற்றுக்காகக் காத்திருப்பது நின்றது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் 'ரஜூலா' கிளாஸ்கோவில் 1926-இல் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்ற வழியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். நம்மவரில் பெரும்பாலோர் டெக் பயணிகள். பாயை விரித்த இடமே அவர்களுக்கு வீடு.

காற்றின் கட்டுப்பாடு போய், பத்திரங்களின் கட்டுப்பாடு வந்தது. 1938-இல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலித் தொழிலாளர் செல்வதைத் தடை செய்தது. ஜப்பானியர் காலத்தில் கப்பலே இல்லை. ஊரில் இருந்த மனைவிமார் கணவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாமல் மூன்றரை ஆண்டுகள் இருந்தார்கள். போர் முடிந்தபின் 1948-இல் இங்கே அடையாளக் கார்டு வந்தது. 1953 ஆகஸ்ட் 1-ஆம் தேதி புதிய குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வந்தது. அதன்பின் புதிதாக வருவோருக்கு வாசல் குறுகியது. ஏற்கெனவே இங்கே இருந்தவரும், ஊருக்குப் போனால் திரும்பி வரும் உரிமையைக் கையில் எழுத்தாக வைத்திருக்க வேண்டியதாயிற்று.

அதுவரை ஊருக்குப் போவது என்பது டிக்கெட் வாங்குவது. அதன்பிறகு, போகும் முன்னே திரும்பி வருவதற்கு ஏற்பாடு செய்வது.

ஒரு பெயர், மூன்று எழுத்து

சட்டம் வந்த சில மாதங்களில் எங்கள் பாட்டனாருக்கு ஊரிலிருந்து தந்தி வந்தது. உம்மாவுக்கு உடல்நிலை மோசம், உடனே வரவும் என்று. அப்போது அவர் ஒரு கடையில் சிப்பந்தி. விமானம் இருந்தது. ஆனால் அவர் சம்பளத்துக்கு அது எட்டாது. கப்பலுக்கு ஒன்பது நாள் இருந்தது. மறுநுழைவு அனுமதிக்கு மனுப் போட்டார்.

சிக்கல் பெயரில் வந்தது. பாஸ்போர்ட்டில் 'முஹம்மது' ஒரு விதமாகவும், அடையாளக் கார்டில் வேறு விதமாகவும், முதலாளி கொடுத்த கடிதத்தில் இன்னொரு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. ஒன்றில் தகப்பனார் பெயர் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் வெறும் முதலெழுத்து. பிறந்த தேதி அவருக்கே தெரியாது. கந்தூரி மாதத்தில் பிறந்தவர் என்று உம்மா சொல்லியிருந்தார். கார்டு எழுதியவர் ஜனவரி 1 என்று போட்டுவிட்டார். பாஸ்போர்ட்டில் வேறு தேதி. மூவரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் எழுதி வரச் சொன்னார்கள். எழுதி, கையெழுத்து வாங்கி, திருப்பிக் கொடுத்து, காத்திருந்து, மூன்று வாரம் ஆயிற்று. கப்பல் போய்விட்டது.

அனுமதி இல்லாமலே கிளம்பியிருக்கலாம். போவதை யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். திரும்ப முடியாமல் போனால் ஊரில் அவர் சம்பளத்தை நம்பியிருந்த ஆறு பேர் என்ன செய்வார்கள்? அவர் காத்திருக்க முடிவு செய்தார். அடுத்த கப்பலில் போய், நாகப்பட்டினத்தில் படகிலிருந்து கரையில் கால் வைத்தபோது தம்பி மட்டும் தனியாக நின்றிருந்தாராம். இவர் ஒன்றும் கேட்கவில்லையாம். உம்மா மவுத்தாகிப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

இதை எங்களிடம் சொன்னவர் வாப்பா. பாட்டனார் யாரையும் குறை சொன்னதில்லை. தாம் செய்தது சரியா என்றும் பேசியதில்லை. அன்று அவர் அனுமதியில்லாமல் கிளம்பியிருந்தால் நாம் இங்கே இருந்திருப்போமா என்று வாப்பா கேட்பார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

பின்னோக்கி எண்ணும் கணக்கு

டின்னில் இருந்த நோட்டு அதற்குப் பிந்தியது. அவர் திரும்பி வந்தபின் எழுதத் தொடங்கியது. ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் ஊர்க்காரர். பெயர் பாஸ்போர்ட்டில் எப்படி, கார்டில் எப்படி, கடை லைசன்ஸில் எப்படி என்று மூன்று வரி. அதற்குக் கீழே தேதிகள்.

அந்தத் தேதிகள் முதலில் எங்களுக்குப் புரியவில்லை. தடுப்பூசிப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. அம்மைப்பால் சான்று மூன்று ஆண்டு செல்லும். காலரா ஊசிச் சான்று ஆறு மாதம்தான் செல்லும், அதுவும் ஊசி போட்ட ஆறாம் நாளிலிருந்து. ஆகவே கப்பலுக்கு முந்தின நாள் ஊசி போட்டுப் பயனில்லை. ஊரில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால், திரும்பும்போது அங்கே மறுபடி ஊசி போட்டு முத்திரை வாங்க வேண்டும். சான்று சரியில்லாமலோ கப்பலில் நோய் கண்டோ வந்தால் செயின்ட் ஜான்ஸ் தீவில் இறக்கிவிடுவார்கள். 1874-லிருந்து அங்கே கொரண்டைன் முகாம் இருந்தது. பினாங்கில் இறங்குவோருக்கு ஜெரஜாக் தீவு.

ஆகவே நோட்டில் கணக்கு பின்னோக்கிப் போகிறது. முதலில் திரும்பிவர வேண்டிய நாள். அதற்கு முன் மறுநுழைவு அனுமதி முடியும் நாள். அதற்கு முன் ஊரில் ஊசி போட வேண்டிய நாள். 1960-களில் இந்தியாவிலிருந்து கிளம்புவோருக்கு ரிசர்வ் வங்கியின் 'பி' படிவம் வந்ததும் அதற்கும் ஒரு வரி சேர்ந்தது. கடைசியில்தான் இங்கிருந்து கிளம்பும் நாள். நாங்களும் நோன்புப் பெருநாள் சரக்குக்கு இப்படித்தான் எண்ணுகிறோம்: கடையில் சரக்கு இருக்க வேண்டிய நாளில் தொடங்கி, கப்பலில் ஏற்ற வேண்டிய நாள்வரை.

சில பக்கங்களில் 'ஐப்பசி, கார்த்திகை வேண்டாம்' என்று எழுதியிருக்கிறார். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. கடலில் நங்கூரமிட்டு நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும், இறங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் கிழவர்களையும் கைக்குழந்தைகளையும் அந்தப் படகில் ஏற்றுவது உயிரைக் கையில் பிடித்துக்கொள்வது போல என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நீராவிக் கப்பல் வந்தும் காற்றின் கணக்கு முழுதாகப் போய்விடவில்லை.

வீட்டில் நடந்த ஆயத்தம்

பத்திரங்கள் ஆண்கள் வேலை என்றால், மற்றதெல்லாம் பெண்கள் வேலை. ஊரிலிருந்து ஒருவர் கிளம்புகிறார் என்றால் பத்து நாளைக்கு முன்பே வீட்டில் வேலை தொடங்கிவிடும். கெடாமல் இருக்க வறுத்த மாவு, கருவாடு, எலுமிச்சை ஊறுகாய், தம்ரூட், வாந்திக்கு இஞ்சி. ஒவ்வொன்றிலும் பாதி அவருக்கு, பாதி சிங்கப்பூரில் இருக்கும் மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு. யாருடைய பொட்டலம் எது என்று துணியில் நூலால் அடையாளம் தைத்து அனுப்புவார்கள். இங்கிருந்து போகும் டிரங்குப் பெட்டியில் கோடாலித் தைலம், கைலி, நைலான் சேலை, சோப்பு, குடை. கஸ்டம்ஸுக்குக் காட்ட அதற்கும் ஒரு பட்டியல்.

எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் பாட்டியார், பாஸ்போர்ட்டையும் ஊசிப் புத்தகத்தையும் மஞ்சள் துணியில் சுற்றிக் குர்ஆன் வைக்கும் அலமாரியில், அதற்குக் கீழ்த்தட்டில் வைத்திருப்பாராம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அது இல்லாவிட்டால் கணவர் வீட்டுக்கு வர முடியாது என்று தெரியும்.

டெக்கில் பாய் விரித்தபின் ஒரு வாரம் வேறு உலகம். கிப்லா எந்தப் பக்கம் என்று மாலுமிகளைக் கேட்டு, தொழுகையைச் சுருக்கி, ஜமாஅத்தாகத் தொழுதார்கள். ஒரே ஊர்க்காரர் அருகருகே இடம் பிடித்தார்கள். அந்தப் பாய்களில் பேசி முடித்த திருமணங்கள் நம் சங்கக் குடும்பங்களிலேயே உண்டு.

சங்கமும் கடைசிக் கப்பலும்

பாட்டனாரின் நோட்டு கடைத் திண்ணையில் தொடங்கியது. இஷாவுக்குப் பிறகு ஊர்க்காரர்கள் படிவத்தோடு வருவார்கள், அவர் நிரப்பித் தருவார். அவரைப் போல் வேறு கடைகளிலும் எழுதிக் கொடுப்பவர்கள் இருந்தார்கள். அவர்களில் சிலர் சேர்ந்து தொடங்கியதுதான் நம் சங்கம். ஆரம்ப நாட்களில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மேசையும் நான்கு நாற்காலியும் போட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததை மூத்த உறுப்பினர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். கல்வி நிதியும் மருத்துவ உதவியும் நோன்புக் கஞ்சியும் பிறகு வந்தன. முதலில் வந்தது அந்த மேசை.

சங்கம் பிறந்த காலத்தில் ரஜூலா ஓய்வு பெற்றது. 1973-இல் அது கைமாறியது. அதன் இடத்தில் 'சிதம்பரம்' ஓடியது. 1980-களில் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அத்தோடு அந்தக் கடல் பயணக் காலமும் முடிவுக்கு வந்தது. இன்று நான்கு மணி நேரத்தில் திருச்சியிலோ சென்னையிலோ இறங்குகிறோம்.

பெயர்ச் சிக்கல் மட்டும் இறங்கவில்லை. போன ஆண்டு உம்ரா செல்ல உம்மாவுக்குப் பதிவு செய்தபோது, பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்தும் திருமணச் சான்றில் ஒரு எழுத்தும் இருப்பதைக் கண்டோம். நோட்டு நினைவுக்கு வந்தது. முன்கூட்டியே பார்த்ததால் திருத்த நேரம் இருந்தது. பாட்டனாருக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை.

சங்கக் குடும்பங்களிடம் இரண்டு கோரிக்கைகள். முதலாவது, வீட்டில் பெரியவர்களின் பழைய பாஸ்போர்ட், ஊசிப் புத்தகம், மறுநுழைவு அனுமதி, கப்பல் டிக்கெட் எது இருந்தாலும் வீடு மாறும்போது குப்பையில் போட்டுவிடாதீர்கள். சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். படமெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தர நாங்கள் சில இளைஞர்கள் பொறுப்பேற்றிருக்கிறோம். இரண்டாவது, கப்பலில் வந்தவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் என்ன கொண்டுவந்தீர்கள், யார் வழியனுப்பினார்கள், யார் படிவம் எழுதிக் கொடுத்தார்கள் என்று இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பாட்டனாரின் நோட்டில் நூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. பலரின் பேரப்பிள்ளைகள் இம்மலரைக் கையில் வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறோம். வந்து பாருங்கள், உங்கள் பாட்டனாரின் பக்கம் இருக்கலாம். கடல் கடந்து வந்து நம்மை இங்கே நிலைநிறுத்திய அனைவருக்கும், அவர்கள் திரும்பி வரும்வரை கரையில் காத்திருந்து மறைந்தவர்களுக்கும் அல்லாஹ் ரஹ்மத் செய்வானாக. ஆமீன்.