குருதிக்குழாய் ஆக்கமும் அதன் முரண்பாடும்: மூலக்கலச் சிகிச்சை பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

நாடியின் உட்சுவரிலே கொழுப்பும் கலங்களும் படிந்து தடித்துக் குருதியோட்டம் குன்றும் நோய், சிலருக்குக் கால் துண்டிப்பிலேயே முடிகின்றது. அக்காலைக் காப்பதற்குப் புதிய குருதிக்குழாய்களை வளர்த்தெடுக்க இயலுமா என்ற வினாவின் வரலாற்றை நாம் இங்கு நோக்குகின்றோம்.

வளர்ந்தோரிற் புதிய குழாய்கள் பழையவற்றிலிருந்து கிளைப்பனவே என்ற கருத்து நெடுங்காலம் மேலோங்கியிருந்தது. 1997இல், பொஸ்ரன் நகரிற் பணியாற்றிய அசஹாரா, இஸ்னர் முதலியோர், குழாய்களின் உட்படையாக மாறவல்ல முன்னோடிக் கலங்கள் வளர்ந்தோரின் குருதியிலேயே உலவுகின்றன என 'சயன்ஸ்' இதழில் எழுதினர். 2002இல், யப்பானிய மருத்துவர்கள் நோயாளரின் என்புமச்சைக் கலங்களை அவர்தம் கால் தசையிற் செலுத்திப் பெற்ற நற்பயனை 'லான்செற்' வெளியிட்டது. இடையில் ஐந்தே ஆண்டுகள்! இவ்வேகத்தை விளக்க ஆய்வாளரின் ஆர்வம் மட்டும் போதாது. ஆய்வுநிதிக்கும் காப்புரிமைக்குமான போட்டியையும் கணக்கிலெடுத்தல் வேண்டும்.

ஆனால், முரண்பாடு பொருளின் உள்ளேயே இருந்தது. நாடியிற் படியும் கொழுப்புத் தடிப்பும் வளர்வதற்குக் குருதியை வேண்டிநிற்பது. நாடிச் சுவரின் நுண்குழாய்கள் அதனுட் கிளைத்து அதனை ஊட்டுவன. குழாயாக்கத்தைத் தடுக்கும் பொருள்கள் சுண்டெலிகளில் இத்தடிப்பின் வளர்ச்சியைக் குறைத்தமையை, புற்றுக்கட்டி ஆய்வினாற் புகழ்பெற்ற ஜுடா ஃபோக்மனின் குழுவினர் 1999இற் காட்டியிருந்தனர். மறுபக்கத்தை 2003இற் பிரெஞ்சு ஆய்வாளர் சில்வெஸ்த்ர் முதலானோர் கண்டனர். இந்நோய்க்கு ஆளாகும் சுண்டெலிகளுக்கு என்புமச்சைக் கலங்களைச் செலுத்தியபோது, குருதி குன்றிய காலிலே குழாய்கள் பெருகின. அதேவேளை, நாடித் தடிப்பும் பெருத்தது. காலுக்கு உதவிய சிகிச்சையே நாடிக்கு ஊறாயிற்று. சுண்டெலியிற் கண்டதை மனிதனுக்கு அப்படியே ஏற்றிக்கூறல் தகாதெனினும், எச்சரிக்கை தெளிவானது.

முன்னோடிக் கலங்கள் எனப்பட்டவை பற்றிய ஐயமும் வலுத்தது. அவ்வாறு வளர்த்தெடுக்கப்பட்டவற்றிற் பல உண்மையில் வெண்குருதிக் கலவகையினவே என்பதும், அவை தாமே குழாயாக மாறாது வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கின்றன என்பதும் வெளிப்பட்டன.

2015இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு 160 நோயாளரைக் கொண்டது. என்புமச்சைக் கலம் பெற்றோருக்கும் போலிச் சிகிச்சை பெற்றோருக்கும் நோவும் புண்ணும் ஓரளவு தணிந்தன; கால் துண்டிப்பிலோ கருதத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. போலிச் சிகிச்சைப் பிரிவு இல்லாதிருந்திருப்பின், அம்முன்னேற்றம் முழுவதும் கலங்களின் கணக்கிலேயே எழுதப்பட்டிருக்கும். நிறுவப்படாத மூலக்கலச் சிகிச்சைகளைப் பெருந்தொகைக்கு விற்கும் தனியார் நிலையங்கள் பல நாடுகளில் உள்ளன. காலை இழக்கும் அச்சத்தோடு அங்கு செல்லும் நோயாளி, ஒப்பிட்டறிய எதுவுமின்றியே பணத்தைச் செலுத்துகின்றார்.