சேர்வராயன் மலையும் தைராய்டு அளவும்

சேர்வராயன் மலை சேலம் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. அதன்மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு உள்ளது. சார்னோகைட் பாறை, பாக்சைட் படிந்த முகடுகள், 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் அறிமுகப்படுத்திய காப்பி, மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் ஆகியவை இதன் அடையாளங்கள். கடலுக்குத் தொலைவில், மழை மண்ணை அரித்துச் செல்லும் மலைச்சரிவுகளில் அயோடின் குறையும். அதனால் மலைவாசிகளுக்குத் தைராய்டு சுரப்பி வீங்கி முன்கழுத்துக் கழலை வரும் என்பது பழைய மருத்துவப் பாடம். இது பாதிதான் சரி. இந்தியாவில் சமவெளி மாவட்டங்களிலும் கழலை கண்டறியப்பட்டிருக்கிறது. ஓர் ஊருக்கு அயோடின் போதுமா என்பதை மலையின் உயரமும் சொல்லாது, அங்கே ஒருவரிடம் எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டும் சொல்லாது. அடுப்படியில் இருக்கும் உப்பும் ஊராரின் சிறுநீரும்தான் சொல்லும்.

தைராய்டை அளக்கும் கலை விரல்களில் தொடங்கியது. கழுத்தைத் தடவிப் பார்த்து, கைக்குத் தட்டுப்படாதது, தட்டுப்பட்டும் கண்ணுக்குத் தெரியாதது, தலை நேராக இருக்கும்போதே தெரிவது என மூன்று நிலைகளாகப் பிரிப்பது இன்றும் கள ஆய்வில் உண்டு. பள்ளிக் குழந்தைகளில் 5 விழுக்காட்டினருக்குக் கழலை இருந்தால் அது பொதுச் சுகாதாரச் சிக்கல். சுரப்பியை அறுத்து நீக்கும் முறையைச் செம்மைப்படுத்திய கோகருக்கு 1909-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1914-இல் கெண்டல் அந்தச் சுரப்பியின் ஹார்மோனான தைராக்சினைப் பிரித்தெடுத்தார். 1926-இல் ஹாரிங்டன் அதன் அமைப்பைக் கண்டறிந்தார். ஆயினும் ரத்தத்தில் மிக நுண்ணிய அளவில் ஓடும் ஹார்மோன்களை எண்ணாக்க, யாலோவும் பெர்சனும் 1950-களின் இறுதியில் கதிரியக்க முறையை உருவாக்க வேண்டியிருந்தது. 1977-இல் அதற்கு நோபல் வந்தபோது பெர்சன் உயிருடன் இல்லை. இந்தியாவிலோ பெரிய பாடம் ரத்தச் சோதனைக் குழாயிலிருந்து வரவில்லை, உப்பு மூட்டையிலிருந்து வந்தது. 1956-இல் ராமலிங்கஸ்வாமி குழுவினர் இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாக்கி, இரண்டுக்கு அயோடின் சேர்த்த உப்பும் ஒன்றுக்குச் சாதா உப்பும் வழங்கினார்கள். சில ஆண்டுகளில் முதல் இரண்டில் கழலை வெகுவாகக் குறைந்தது. மூன்றாவதில் அப்படி நேரவில்லை. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது.

இப்போது எங்கும் முதலில் பார்ப்பது டி.எஸ்.எச். பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் தூண்டுதல் அது. வளர்ந்தவர்களுக்கு வழக்கமான வரம்பு லிட்டருக்கு ஏறத்தாழ 0.4 முதல் 4 மில்லி அலகு. தைராக்சின் சற்றுக் குறைந்தாலும் டி.எஸ்.எச். பல மடங்கு எகிறும் என்பதே அதன் பலம். பலவீனமும் உண்டு. இரவில் ஏறிப் பகலில் இறங்கும். கருவுற்ற முதல் மாதங்களில் வரம்பே மாறும். முடி வளர விழுங்கும் பயோட்டின் மாத்திரை சில ஆய்வு முறைகளில் டி.எஸ்.எச்.-ஐப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். தைராக்சின் மாத்திரையின் அளவை மாற்றினால், அது ரத்தத்தில் பாதியாகக் குறைய ஒரு வாரம் பிடிப்பதால், ஆறு வாரம் கழித்துத்தான் மறுபடி பார்ப்பார்கள். நம் வாதத்துக்கு முக்கியமானது வேறு: லேசான அயோடின் குறைவில் சுரப்பி தன்னைப் பெருக்கிக்கொண்டும், அயோடின் குறைவாகச் செலவாகும் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்தும் சமாளிக்கும். கழுத்து வீங்கியிருக்கும், சீட்டிலோ எல்லாம் நார்மல்.

ஊரில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். ஆயிரம் நார்மல் சீட்டுகளைச் சேர்த்தாலும் மேற்சொன்ன ஓட்டை அடைபடாது. உட்கொண்ட அயோடினில் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறுவதால், ஒரு கூட்டத்தின் சிறுநீர் அயோடின் இடைநிலை லிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் குறையாமல் இருப்பதே போதுமைக்கு அடையாளம். அதைவிட எளிது உப்புச் சோதனை: ஒரு சிட்டிகை உப்பில் சோதனைக் கரைசலை ஒரு சொட்டு விட்டால், அயோடின் இருக்கும் உப்பு நீலம் பாய்ந்த ஊதாவாகும், இல்லாதது வெள்ளையாகவே இருக்கும். வீட்டுக்கு வரும் உப்பில் குறைந்தது 15 பி.பி.எம். அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. 2006 முதல் அயோடின் சேராத உப்பை உணவுக்கு விற்கக் கூடாது. ஆனாலும், தூத்துக்குடியும் வாலிநோக்கமும் உப்பு விளைவிக்கும் தமிழ்நாட்டில்தான், 2018-19 தேசிய ஆய்வின்படி, போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டிலேயே மிகக் குறைவு: 61.9 விழுக்காடு. கல்லுப்பு மீதுள்ள பிடிப்பு இதற்கு ஒரு காரணம். ஏற்காட்டு மூடுபனியில் திறந்த சாடியில் உப்பு கசிந்தால் இருக்கும் அயோடினும் குறையும். சேலம் மாவட்டம் மரவள்ளிக்குப் பேர்போனது; சரியாகப் பக்குவப்படுத்தாத கிழங்கின் சயனைடு உடலில் தயோசயனேட்டாகி, சுரப்பிக்குள் அயோடின் நுழைவதைத் தடுக்கும். அயோடின் போதுமானால் இதனால் பெரிய தீங்கில்லை. அந்தக் கிழங்கை அரைத்து, மாவெடுத்து, காயவைத்துச் செய்யும் ஜவ்வரிசியைச் சந்தேகிக்க வேண்டியதும் இல்லை.

அயோடின் உப்பே தைராய்டு நோயைப் பெருக்குகிறது என்பது அடிக்கடி எழும் மறுப்பு. சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், வளர்ந்தவர்களில் 10.95 விழுக்காட்டினருக்குத் தைராய்டு குறைசுரப்பும், ஐந்தில் ஒருவருக்கு மேல் சுரப்பிக்கு எதிரான எதிர்ப்புப்பொருளும் இருந்தன. அயோடின் கூடும்போது இவ்வகைக் குறைசுரப்பு சற்று ஏறுவது டென்மார்க்கிலும் தெரிந்ததுதான். ஆனால் அது மாத்திரையால் சரிசெய்யக்கூடியது; கருவிலேயே அயோடின் கிடைக்காத குழந்தையின் மூளை வளர்ச்சிக் குறையை எந்த மாத்திரையும் மீட்காது. அதே ஆய்வில் கடலோர நகரங்களைவிட உள்நாட்டு நகரங்களில் குறைசுரப்பு கூடுதலாக இருந்ததையும் மறுப்பாளர்கள் சேர்த்துப் படிப்பதில்லை.

ஹார்மோன் பரிசோதனைகளில் ஒன்று மட்டும் விதிவிலக்காக ஊரையும் அளக்கும். பிறந்த மூன்று நான்கு நாளில் குதிகாலில் குத்தி, வடிதாளில் எடுக்கும் ரத்தத் துளி அது. லிட்டருக்கு 5 மில்லி அலகுக்கு மேல் டி.எஸ்.எச். உள்ள குழந்தைகள் 3 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் அப்பகுதியில் அயோடின் போதும் எனலாம். உலர்ந்த தாள் என்பதால், ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போய்ச் சேர அதற்குப் பனிக்கட்டிப் பெட்டியும் தேவையில்லை.