காரை உயர்த்த ரப்பர் சொருகலாமா? ஷாக் அப்சர்பரில் கை வைக்கும் முன் உஷார்!

காரைக்கால்,-

சனிக்கிழமை வந்தால் போதும். திருநள்ளாறு சனீஸ்வரன் கோவிலுக்கு வெளியூர் கார்கள் வரிசை கட்டும். அப்படியே நாகூர், வேளாங்கண்ணி என்று ஒரே டிரிப்பில் முடித்துவிடுபவர்களும் உண்டு. காரில் அஞ்சு பேர், டிக்கி நிறைய பை. வேகத்தடையில் ஏறி இறங்கினால் 'டக்'கென்று ஒரு சத்தம். "அடி தட்டுதுப்பா" என்று டிரைவர் முகம் வாடிவிடும்.

உடனே கிடைக்கும் யோசனை, "ஷாக் அப்சர்பரை மாத்தி வண்டியை ஒரு இஞ்ச் தூக்கிடு" என்பதுதான். தூக்க முடியுமா? முடியும். ஆனால் எதை வைத்து தூக்குகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஏன் தட்டுகிறது?

இந்திய சாலை காங்கிரஸ் விதிப்படி வேகத்தடையின் உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர். மாருதி டிசையர் காரின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 163 மி.மீ. அதாவது 16 செ.மீ.க்கு கொஞ்சம் மேல். கணக்குப்படி தட்டக்கூடாது. ஆனால் ஆளும் மூட்டையும் ஏறினால் பின்பக்கம் இறங்கிவிடும். வேகத்தடையும் அளவுப்படி இல்லாமல் குறுகலாக, செங்குத்தாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

எடையை தாங்குவது யார்?

பலரும் நினைப்பது போல காரின் எடையை தாங்குவது ஷாக் அப்சர்பர் இல்லை. ஸ்பிரிங்தான். பள்ளத்தில் இறங்கியதும் ஸ்பிரிங் மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்தை அடக்குவதே ஷாக் அப்சர்பரின் வேலை. உள்ளே இருக்கும் எண்ணெய், சின்ன ஓட்டை வழியாக பிதுங்கிப் போகும்போது ஆட்டம் அடங்கிவிடும்.

அதனால் சாதாரண ஷாக்கை புதுசாக மாற்றினால் குலுங்கல் குறையும். வண்டி உயராது. ஆள் இல்லாதபோதே பின்பக்கம் தொங்கினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

உயர்த்த 4 வழி

1. ரப்பர் பஃபர்: ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே சொருகுவது. செலவு குறைவு. ஆனால் அந்த இடத்தில் ஸ்பிரிங் வேலை செய்யாது. மிச்ச சுற்றுகள் மீது பாரம் கூடும். ஆள் இல்லாதபோது வண்டி தூக்கித்தூக்கிப் போடும்.

2. ஸ்பேசர்: ஸ்பிரிங்குக்கு மேலேயோ கீழேயோ வைக்கும் கட்டை. உயரம் கூடும். ஷாக்கின் நீளம் மட்டும் கூடாது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஷாக் சீக்கிரமே முழுசாக நீண்டு, 'டொக்'கென்று இடிக்கும்.

3. மரை போட்ட ஷாக்: 'காயில் ஓவர்' என்று பெயர். உடம்பில் மரை இருக்கும். வளையத்தை திருகினால் ஸ்பிரிங் மேலேறும், வண்டி உயரும். வேண்டிய அளவுக்கு ஏற்றி இறக்கலாம். விலை அதிகம். கடற்கரை ஊரில் உப்புக்காற்று பட்டால் மரை துரு பிடித்து இறுகிவிடும். அடிக்கடி கழுவ வேண்டும்.

4. காற்று ஷாக்: ஷாக்கை சுற்றி ரப்பர் பை. பாரம் ஏற்றும்போது காற்று அடித்தால் பின்பக்கம் நிமிரும். இதில் எடையின் ஒரு பகுதி ஷாக் மாட்டும் இடத்துக்கு போகும். பல கார்களில் அந்த இடம் எடை தாங்குவதற்காக செய்யப்பட்டது இல்லை.

பிரெஞ்சுக்காரர் வித்தை

காரைக்காலில் பிரெஞ்சு நிர்வாகம் முடிந்தது 1954 நவம்பர் 1-ந் தேதி. அதே ஆண்டுதான் பிரான்சின் சிட்ரோயன் கம்பெனி, எண்ணெயும் வாயுவும் சேர்ந்து எடை தாங்கும் முறையை ஒரு காரின் பின்பக்கத்தில் கொண்டு வந்தது. 1955-ல் வந்த 'டி.எஸ்.' காரில் 4 சக்கரத்துக்கும் அதே முறை. எத்தனை பேர் ஏறினாலும் உயரம் தானாக சரியாகிவிடும். டிரைவர் பக்கத்தில் உள்ள லிவரை நகர்த்தினால் கார் எழும், இறங்கும். கம்பெனியே மொத்த காரையும் அதற்கென்று வடிவமைத்ததால் அது சாத்தியமானது. பட்டறையில் ஒரு துண்டு ரப்பரால் அது வராது.

தூக்கினால் என்ன ஆகும்?

வண்டி உயர்ந்தால் திருப்பத்தில் சாயும். வீல் அலைன்மென்ட் மாறி டயர் ஒருபக்கமாக தேயும். முன்பக்கம் அதிகம் தூக்கினால் டிரைவ் ஷாப்ட் கோணம் மாறி ஜாயின்ட் சீக்கிரம் போகும். பிரேக் ஓஸ் இழுபடும். ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். கிழக்கு கடற்கரை சாலையில் ராத்திரி மழையில் இது உயிருக்கே ஆபத்து.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த அளவுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரி 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும்.

இது மத்திய சட்டம். வடக்கே நண்டலாறு, தெற்கே வாஞ்சூர் தாண்டினாலும் பி.ஒய்.02 வண்டிக்கும் டி.என். வண்டிக்கும் ஒன்றுதான். விபத்து நடந்தால் இந்த மாற்றத்தை காட்டி இன்சூரன்ஸ் பணத்துக்கும் சிக்கல் வரலாம். வாடகைக் கார் ஓட்டி பிழைப்பவருக்கு அந்த ஒரு அடியே போதும்.

செலவில்லாமல் சரி பார்க்க...

* காரின் ஒரு மூலையை அழுத்தி விடுங்கள். ஒன்றிரண்டு ஆட்டத்தில் நிற்க வேண்டும். ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் போய்விட்டது.

* ஷாக் மேல் எண்ணெய் கசிவு இருக்கிறதா பாருங்கள்.

* ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கம்பெனி நம்பர் பார்த்து, இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.

* டயர் காற்றை பாரத்துக்கு ஏற்றபடி வையுங்கள். அளவு, டிரைவர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும்.

* என்ன மாற்றம் செய்வதாக இருந்தாலும், முதலில் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு பட்டறைக்கு போங்கள்.

* பெரிய வேகத்தடை என்றால் 2 பேரை இறக்கிவிட்டு மெதுவாக ஏற்றுங்கள். அரை நிமிஷம்தான் ஆகும்.