ஜெர்மனி போன ஓமம்

பேராக்கில் ஈப்போவுக்கு வடக்கே, செமோர் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஓமத்தண்ணீரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பிள்ளைக்கு வயிறு உப்பினால் ஓமம், சளி கட்டினால் கற்பூரவள்ளி. லயத்து வீடுகளின் முதலுதவிப் பெட்டி பெரும்பாலும் இவ்வளவுதான்.

ஓமத்தின் காரத்துக்குக் காரணமான பொருளின் பெயர் தைமால். அது முதலில் பிடிபட்டது ஓமத்தில் அல்ல, ஐரோப்பியர் சமையலில் சேர்க்கும் தைம் செடியில். 1719இல் காஸ்பர் நோய்மன் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அதைப் பிரித்தெடுத்தார். 1853இல் பிரான்சின் லாலெமான் அதற்குப் பெயர் வைத்தார். தைம் புதினாவின் உறவு, ஓமமோ கொத்தமல்லியின் உறவு. இரண்டும் தனித்தனியே ஒரே பொருளைச் செய்யக் கற்றுக்கொண்டிருந்தன. கற்பூரவள்ளியில் மிகுந்திருக்கும் கார்வக்ரால், அதே அணுக்கள் சற்றே இடம் மாறி அமைந்தது.

இவை ஏன் கிருமியைக் கொல்கின்றன? கிருமியின் செல் சவ்வு கொழுப்பால் ஆனது. தைமால் கொழுப்பில் எளிதாகக் கரையும். சவ்வுக்குள் புகுந்து அதைக் குலைத்துவிடும்; உள்ளே இருக்க வேண்டிய உப்புகள் வெளியே கசியும், கிருமி சாகும்.

1879இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜோசப் லாரன்ஸ் தைமாலைச் சேர்த்து ஒரு கிருமிநாசினி தயாரித்தார். அறுவை மருத்துவர் லிஸ்டரின் புகழை இரவல் வாங்கி அதற்கு லிஸ்டரின் என்று பெயரிட்டார்கள். அதையொட்டிய ஆண்டுகளில், ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து கோத்தார்ட் சுரங்கப்பாதை வெட்டிய தொழிலாளர்கள் இரத்தம் வற்றிச் சுருண்டு விழுந்தார்கள். காரணம் கொக்கிப்புழு. இத்தாலிய மருத்துவர் பொசோலோ அதற்குத் தைமாலைக் கொடுக்கத் தொடங்கினார்.

தேவை பெருகியது. தைம் செடியைவிட ஓம விதையில் தைமால் தாராளமாகக் கிடைக்கும் என்பதால், இந்திய ஓமம் கப்பலேறி ஜெர்மனிக்குப் போனது. அங்கே காய்ச்சி வடித்த படிகம் உலகச் சந்தைக்கு வந்தது. 1914இல் முதல் உலகப் போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டது.

மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் வெறுங்காலோடு பால் வெட்டிய தமிழர்களிடமும் கொக்கிப்புழு பரவியிருந்தது. கழிப்பிடம் இல்லாத மண்ணில் குஞ்சுப்புழு பாதத்தைத் துளைத்து உடம்பில் ஏறும். 1915 முதல் 1917 வரை ராக்ஃபெல்லர் நிறுவனம் அனுப்பிய டார்லிங், பார்பர், ஹாக்கர் குழு மலாயாவிலும் ஜாவாவிலும் ஃபிஜியிலும் இந்நோயை ஆராய்ந்தது. பாட்டி கைவைத்தியத்தின் சாரம், இப்போது மருத்துவரின் உறைமாத்திரையாகத் தோட்டத் தொழிலாளியிடம் வந்தது. பட்டினி, பேதியுப்பு, தைமால், மறுபடி பேதியுப்பு என்று அந்தச் சிகிச்சை உடம்பை உலுக்கியது. எண்ணெயோ சாராயமோ உட்கொண்டால் மருந்து இரத்தத்தில் கலந்து ஆபத்தாகும். தைமாலைவிடக் கீனோபோடியம் என்ற செடியின் எண்ணெயே மேல் என்று குழு முடிவு சொன்னது. கழிப்பிடமும் செருப்பும் இல்லாதவரை எந்த மருந்தும் பாதி மருந்துதான் என்பேன். குணமானவர் மறுநாள் அதே மண்ணில்தான் கால் வைத்தார்.

இன்று சந்தைத் தைமாலில் பெரும்பகுதி ஆலையில் கிரெசாலிலிருந்து செய்யப்படுகிறது. வாய் கொப்புளிக்கும் மருந்துகளிலும், தேனீக்களின் உண்ணிக்கு வைக்கும் மருந்துகளிலும் அது இருக்கிறது. வீட்டில் பிள்ளை வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை: ஓமத்தண்ணீர் வேறு, ஓம எண்ணெய் வேறு. எண்ணெயில் தைமால் பாதியளவுகூட இருக்கும். அதைக் குழந்தையின் வாயில் ஒரு சொட்டும் விடாதீர்கள்.